மனிதவள மேலாண்மையை வணிக உத்தியோடு இணைப்பது நடைமுறையில் எப்படி இருக்கும்?

மனிதவள மேலாண்மை (ஆள் தேர்வு, பயிற்சி, ஊதியம் போன்றவற்றைக் கவனிக்கும் பணி) நிறுவனத்தின் உத்தியோடு இணைந்திருக்க வேண்டும் என்கிறார்களே, அதற்கு நடைமுறை உதாரணம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை வைத்து விளக்குவது எளிது.

1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அந்த மருத்துவமனையின் உத்தி, கட்டணம் செலுத்துவோரிடமிருந்து வரும் வருவாயைக் கொண்டே வசதியற்றவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை அளிப்பதாகும். அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கை மிக அதிகமாகவும், ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு மிகக் குறைவாகவும் இருந்தால்தான் இந்தக் கணக்கு கட்டுப்படியாகும். அந்த எண்ணிக்கைக்கு எல்லை வகுப்பது அறுவை மருத்துவரின் நேரம்; ஆகவே அவர் மட்டுமே செய்யக்கூடிய வேலையைத் தவிர மற்ற அனைத்தையும் பிறர் செய்தாக வேண்டும்.

மனிதவள முடிவுகள் இங்கிருந்துதான் பிறக்கின்றன. பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, தானே 2 ஆண்டுகள் பயிற்சி அளித்து, பார்வைப் பரிசோதனை, நோயாளிக்கு ஆலோசனை, அறுவை அரங்க உதவி எனத் தனித்தனிப் பணிகளில் அவர்களைத் தேர்ச்சி பெறச் செய்கிறது அந்நிறுவனம். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியை அவர்கள் தயார்ப்படுத்திவிடுவதால், மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு உடனே வேலையைத் தொடர முடிகிறது.

பல நிறுவனங்களில், ஆண்டுத் திட்டம் முடிவான பிறகே "இத்தனை பேர் வேண்டும்" என்ற தாள் மனிதவளத் துறைக்கு வருகிறது (அதையும் அவசரம் என்று குறிப்பிட்டுத்தான் அனுப்புவார்கள்). எந்தத் திறமை இல்லாவிட்டால் இந்த உத்தி நின்றுபோகும் என்பதைத் திட்டமிடும் கூட்டத்திலேயே கேட்டுவிட்டு, ஆள் தேர்வையும் பயிற்சியையும் ஊதியத்தையும் அந்தப் பதிலிலிருந்து வகுப்பதே சரியான வரிசை என்பது என் கருத்து.