ரேடியேட்டர் ஒழுகலுக்கு மஞ்சள் தூள் போடலாமா?

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன்பு தரகர் மூலம் ஒரு பழைய டிராக்டர் வாங்கினேன். இப்போது சம்பாவுக்குச் சேற்றுழவு நடக்கிற நேரத்தில் ரேடியேட்டர் ஒழுகுகிறது. காலையில் நிரப்பினால் மதியத்துக்குள் இரண்டு லிட்டர் குறைந்துவிடுகிறது. ஒரு கைப்பிடி மஞ்சள் தூள் போட்டால் நின்றுவிடும் என்கிறார் பக்கத்து வயல்காரர். இன்னொருவர் முட்டையை உடைத்து ஊற்றச் சொல்கிறார். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் ரேடியேட்டரையே மாற்ற வேண்டுமாம். உள்ளே பார்த்தால் தண்ணீர் மஞ்சளாக, வண்டலோடு இருக்கிறது. இந்த உழவு முடியும்வரை ஓடினால் போதும். என்ன செய்யலாம்?
– வாசகர், திருத்துறைப்பூண்டி வட்டம்

பதில்: போடாதீர்கள். உங்களுக்கு முன்பே யாரோ போட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. தண்ணீர் மஞ்சளாக, வண்டலோடு இருப்பதைக் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். இன்ஜின் முழுசாக ஆறியபின் மூடியைத் திறந்து, கழுத்துப் பகுதியின் உள்விளிம்பை விரலால் வழித்து, அந்த வண்டலை வெள்ளைத் துணியில் தேயுங்கள். அதன்மேல் கொஞ்சம் சுண்ணாம்பு தடவுங்கள். ஆரத்தித் தண்ணீர் சிவக்கிற அதே சங்கதிதான். சிவந்தால் மஞ்சள். சிவக்காமல் செம்மண் நிறத்திலேயே இருந்தால் பெரும்பாலும் துரு. ஆனால் மாதக்கணக்கில் கொதித்த மஞ்சளில் நிறம் செத்துப்போயிருக்கும். அதனால் சிவக்கவில்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

மஞ்சள் தூள் ஒழுகலை நிறுத்தும் என்பது பொய்யல்ல. மஞ்சளில் மாவுச்சத்தும் நாரும் இருக்கின்றன. வெந்நீரில் மாவுச்சத்து ஊதிப் பசையாகும். தண்ணீர் எந்த ஓட்டை வழியாக வெளியேறுகிறதோ, அங்கே தூளும் இழுபட்டுப் போய்ச் சேரும். வெளியே வந்த தண்ணீர் ஆவியானதும் தூள் காய்ந்து இறுகி ஊசித்துளையை அடைத்துவிடும். அமெரிக்காவில் காலங்காலமாக விற்கிற, ஒழுகலை அடைக்கும் ஸ்டாப் லீக் மருந்து ஒன்றிலேயே இஞ்சி வேரைப் பொடித்துப் போட்டிருக்கிறார்கள். இஞ்சியும் மஞ்சளும் ஒரே குடும்பம். ஆக, நம் ஊர் டிரைவர்கள் முட்டாள்கள் இல்லை. நடுவழியில், ஆள் அரவமில்லாத இடத்தில், பழைய செம்பு ரேடியேட்டரில் ஊசித்துளை விழுந்தால் ஒரு ஸ்பூன் போட்டு வீடு வந்து சேருங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வந்ததும் கழுவி எடுத்துவிட வேண்டும். இதைத்தான் யாரும் செய்வதில்லை.

தூளுக்கு ஓட்டை எது, வழி எது என்று தெரியாது. தண்ணீர் மெதுவாகப் போகிற இடமெல்லாம் அது படியும்: ரேடியேட்டரின் அடித்தொட்டி, ஓரத்து டியூப்கள், வடிகால் குழாய், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடுவது), மூடியின் வால்வு. ஒழுகல் நின்றிருக்கும், ஆனால் வெப்பத்தை வெளியேற்ற வேண்டிய டியூப்களில் பாதி அடைந்திருக்கும். சாலையில் டிரெய்லர் இழுக்கும்போது இது தெரியாது. கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம் மாட்டிச் சேற்றில் இறக்கினால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். முட்டை இதைவிட மோசம். வெள்ளைக்கரு அறுபது டிகிரி தாண்டினாலே வேகத் தொடங்கிவிடும். உங்கள் இன்ஜின் ஓடுவதோ எண்பது டிகிரிக்கு மேல். ஓட்டைக்குப் போய்ச் சேருமுன்பே வழியில் வெந்து கட்டியாகும், பிறகு அழுகும். மிளகுத்தூள், கோதுமை மாவு, புகையிலை எல்லாமே இதே கணக்குதான், தனித்தனியாகக் கேட்டு எழுத வேண்டாம்.

துணி சோப்பைத் தேய்த்து ஒழுகலை அடைக்கிறவர்களும் உண்டு. டீசல் டேங்க் ஒழுகலுக்கு அது சரி, டீசலில் சோப்பு கரையாது. தண்ணீரில் கரையும் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

சரி, இந்த மஞ்சள் உங்கள் வண்டிக்குள் எப்படி வந்தது? பழைய டிராக்டர் வியாபாரத்தில் இது சாதாரணம். ஒழுகுகிற ரேடியேட்டரைச் சரி செய்தால் ஒரு நாள் வேலை, செலவு. மஞ்சள் தூள் போட்டால் கொஞ்சம் சில்லறை. வாங்க வருகிறவர் சுற்றிப் பார்த்து, ஸ்டார்ட் செய்து, நாலு அடி ஓட்டி, முன்பணம் கொடுக்கும்வரை ஒழுகாமல் இருந்தால் போதுமே. இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிற தரகருக்கு அதற்கப்புறம் அந்த வண்டி நின்றால் என்ன, ஓடினால் என்ன?

பெயர் மாற்றத்துக்கு அலுவலகத்தில் ஃபார்ம் 29 கேட்கிறார்கள், ஃபார்ம் 30 கேட்கிறார்கள், கடன் இருந்திருந்தால் அது முடிந்ததற்கான சான்று கேட்கிறார்கள். கையெழுத்து கொஞ்சம் மாறியிருந்தால் திருப்பி அனுப்புகிறார்கள். இன்ஜின் நம்பரைப் பார்ப்பார்கள், இன்ஜினைப் பார்க்க மாட்டார்கள். நகை வாங்கினால் ஹால்மார்க் இருக்கிறது. அதைவிட அதிகப் பணம் போட்டு வாங்குகிற பழைய டிராக்டருக்கு, தரகரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சான்று கிடையாது.

உங்களுக்குக் காலம் கடந்துவிட்டது. ஆனாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய வண்டி பார்க்கப் போகும்போது, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முதல் நாளே சொல்லுங்கள். போனவுடன் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து விரல் விட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். அடியில் உள்ள வடிகால் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். தண்ணீர் சொட்டுச்சொட்டாக வந்தால் உள்ளே வண்டல் அடைத்திருக்கிறது. பதினைந்து வருடத்து வண்டியில் ரேடியேட்டருக்கு மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால், அது என்னத்தை மறைக்கிறது என்று கேளுங்கள். கடைசியாக, ரொட்டவேட்டர் மாட்டி ஒரு மணி நேரம் உழுது காட்டச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ள மாட்டார்கள். விலையைக் குறைக்கிறேன் என்பார்கள், இன்றைக்கே இன்னொரு பார்ட்டி வருகிறது என்பார்கள். வரட்டும், வாங்கிக்கொண்டு போகட்டும்.

இனி உங்கள் வண்டி. முதலில் எங்கிருந்து ஒழுகுகிறது என்று பாருங்கள். ரேடியேட்டர் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். தண்ணீர் குறைகிற வண்டியெல்லாம் ரேடியேட்டர் ஒழுகுகிற வண்டி அல்ல.

வாட்டர் பம்பைக் குறிப்பாகச் சொல்கிறேன். ஃபேனுக்குப் பின்னால், இன்ஜினோடு சேர்ந்திருக்கும். அதன் உடலில், அடிப்பக்கமாக ஒரு சிறு துளை இருக்கும். இது பழுதால் விழுந்த ஓட்டை அல்ல, தொழிற்சாலையிலேயே போட்டது. உள்ளே சுழல்கிற தண்டுக்கு ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பேரிங். நடுவில் ஒரு சீல். சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் இந்தத் துளை வழியாக வெளியே வந்துவிடும். அதாவது, சீல் போய்விட்டது, என்னை மாற்று என்று பம்ப் சொல்கிறது. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? எம்-சீல் பசை வைத்து அந்தத் துளையை அடைக்கிறார்கள். ஒழுகல் நின்றுவிட்டது என்று சந்தோஷம். தண்ணீர் பேரிங்குக்குள் போகும், கிரீஸ் கரையும், பேரிங் கத்தும், ஒரு நாள் தண்டு ஆடி ஃபேன் போய் ரேடியேட்டரைக் கிழிக்கும். சின்ன வேலையாக முடிந்திருக்க வேண்டியது பம்ப், ஃபேன், ரேடியேட்டர் மூன்றுக்கும் செலவாகும். அந்தத் துளையிலிருந்து எப்போதோ ஒரு சொட்டு வந்தால் பயப்பட வேண்டாம். இன்ஜின் ஓடும்போது தொடர்ந்து சொட்டினாலோ, ஃபேனைப் பிடித்து ஆட்டினால் ஆடினாலோ பம்பைக் கழற்றுங்கள். ரேடியேட்டருக்கு எது போட்டாலும், மஞ்சளோ விலை உயர்ந்த மருந்தோ, இந்த ஒழுகலுக்குப் பயன்படாது. எந்தக் காரணத்துக்காகவும் அந்தத் துளையை மூடாதீர்கள்.

வெளியே எங்கும் ஈரமே இல்லாமல் தண்ணீர் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது இன்ஜின் உடலுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள தகட்டைச் சந்தேகப்படுங்கள். ஆறிய இன்ஜினில் மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்தால் குமிழிகள் விடாமல் வரும். அல்லது ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருக்கும். அப்படியென்றால் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

ஹோஸில் ஒழுகல் என்றால் நல்ல செய்தி. கிளாம்ப் கடிக்கிற முனையில் வெடித்திருந்தால் அந்த அங்குலத்தை வெட்டிவிட்டு மறுபடி மாட்டலாம். நடுவில் வெடித்திருந்தால் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி, நன்றாக இழுத்துப் பல சுற்று சுற்றி, மேலே கம்பி கட்டுங்கள். கடைக்குப் போகும்வரை தாங்கும்.

ரேடியேட்டரேதான் என்றால், வீடு வரைக்கும் வர ஒரு வழி இருக்கிறது. ரேடியேட்டர் மூடி வெறும் மூடியில்லை, உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. வண்டியைப் பொறுத்துச் சதுர அங்குலத்துக்கு 7 முதல் 15 பவுண்டு வரை. ஒவ்வொரு பவுண்டுக்கும் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி ஏறும். ஓட்டையிலிருந்து தண்ணீரைத் தள்ளுவதும் இதே அழுத்தம்தான். ஆறிய நிலையில் மூடியை முழுசாக இறுக்காமல் முதல் தடுப்பு வரை மட்டும் திருகி வைத்தால் அழுத்தம் சேராது, ஒழுகல் வெகுவாகக் குறையும். பதிலுக்குத் தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதிக்கும். அதனால் வெறும் வண்டியை மெதுவாக ஓட்டி வரலாம், சேற்றுழவு செய்ய முடியாது. இருக்கிற சுமையிலேயே பெரிய சுமை அதுதான்.

மீட்டரில் முள் சிவப்புக்கு வரவில்லையே என்று ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். தண்ணீர் மட்டம் சென்சாருக்குக் கீழே போய்விட்டால் முள் சரியாகக் காட்டாது, சில சமயம் இறங்கவும் செய்யும். சூடேறிவிட்டால் மூடியைத் தொடாதீர்கள், முகமும் கையும் வெந்துபோனவர்கள் உண்டு. ஆறுவதற்குள் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட்டில் விரிசல் விழலாம்.

ஆக, உழவு முடியும்வரை என்பது நடக்காது. வண்டியை ஒரு நாள் நிறுத்துங்கள். ரேடியேட்டரைக் கழற்றி, திருவாரூரோ மன்னார்குடியோ, ரேடியேட்டர் வேலை மட்டுமே பார்க்கிற கடைக்குக் கொண்டுபோங்கள். நீங்கள் கேட்ட ஒர்க்‌ஷாப் மாற்றச் சொன்னதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஐ.டி.ஐ-யில் டிராக்டர் மெக்கானிக்குக்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறோம். ஆனால் பழுது பார்க்கிற ஆளைவிடப் பெட்டியைப் பிரித்துப் புதுசு மாட்டுகிற ஆள்தான் எங்கும் கிடைக்கிறார். பழைய வண்டி என்கிறீர்கள், செம்பு பித்தளையாகத்தான் இருக்கும், ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். அலுமினிய உடலும் பிளாஸ்டிக் தொட்டியும் என்றால் பேச்சே இல்லை, மாற்றத்தான் வேண்டும். அந்த ஒரு நாளுக்கு உழவு நிற்கக் கூடாது என்றால் வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகை டிராக்டர் இருக்கிறது, உழவன் செயலியிலும் பதியலாம். சீசனில் கேட்ட நாளில் வண்டி வருமா என்பதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

கடையில் வெறுமனே ஓட்டையை அடைத்துத் தரச் சொல்லாதீர்கள். மேல்தொட்டியைப் பிரித்து, டியூப்களுக்குள் தகடு விட்டு அந்த மஞ்சளை எடுக்கச் சொல்லுங்கள். கெட்டுப்போன டியூப்களை இரு முனையிலும் ஈயத்தால் மூடிவிடுவார்கள், அது தவறில்லை. எத்தனை மூடினார்கள் என்று மட்டும் கேளுங்கள். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை, அதற்குமேல் போனால் டியூப்கள் இருக்கிற உள்கூட்டையே மாற்றுவது மேல். தொட்டித் தண்ணீரில் முக்கி, காற்று ஏற்றி, உங்கள் கண் முன்னால் குமிழி வராமல் காட்டினால்தான் பணம். தெர்மோஸ்டாட்டையும் மூடியையும் புதுசாகப் போடுங்கள். தெர்மோஸ்டாட்டே வேண்டாம் என்று தூக்கி எறிகிற மெக்கானிக்கிடம் போகாதீர்கள். இன்ஜினுக்குள்ளும் மஞ்சள் இருக்கும், தெளிவாக வரும்வரை தண்ணீர் விட்டு அலசுங்கள்.

திரும்ப நிரப்பும்போது போர் தண்ணீர் வேண்டாம், உங்கள் பக்கத்து உப்பு ரேடியேட்டரைத் தின்றுவிடும். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரில் நல்ல கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். குளிரே இல்லாத ஊரில் எதற்கு என்பார்கள். அது குளிருக்காக மட்டுமல்ல, துரு பிடிக்காமல் இருக்கவும்தான். லூசில் விற்கிற பச்சை நிறத் தண்ணீரை வாங்காதீர்கள், அது வெறும் சாயமாகவும் இருக்கலாம். வடிக்கிற பழைய தண்ணீரில் கூலண்ட் கலந்திருந்தால் கன்றுக்குட்டி, நாய் நக்குகிற இடத்தில் விடாதீர்கள். இனிப்பாக இருக்கும், விஷம்.

ஒருவேளை புது ரேடியேட்டரே மாட்டும்படி ஆனால், பழசைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். நான் எடுத்துப் போட்டுக்கிறேன் அண்ணே, குப்பைதானே என்பார்கள். அந்தச் செம்புக்கும் பித்தளைக்கும் எடைக்கு நல்ல விலை இருக்கிறது. எடை போட்டு பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.