எல் நினோவை நம்பிக் கால்வாய் வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்

வணக்கம் அண்ணே. இது எல் நினோ ஆண்டு (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டு), டிசம்பர் மழை குறையும், அதனால் குளுவாங் தோட்டத்துக் கால்வாயை அடுத்த வருடம் தூர்வாரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், இப்போதே முடித்துவிடுங்கள்.

2006 கடைசியிலும் லேசான எல் நினோதான். அந்தப் பருவத்தில்தான் குளுவாங் இருக்கும் ஜொகூர் மாநிலம் மூழ்கியது. அங்குள்ள கோத்தா திங்கியில் டிசம்பரில் ஒரு வெள்ளம், ஜனவரியில் மறுபடியும். எல் நினோ பருவத்தின் பொதுப்போக்கைத்தான் காட்டும். அடைமழைக்குக் காரணம் வேறு. சைபீரியப் பக்கமிருந்து கிளம்பும் குளிர்காற்று தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும். 30 முதல் 60 நாளுக்கொரு சுற்றாகக் கிழக்கே நகரும் மேடன்-ஜூலியன் மேகக்கூட்டமும் அப்போது நம் பக்கம் இருந்துவிட்டால், நாள்கணக்கில் கொட்டக்கூடும்.

மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியாவின் தொடர்மழை எச்சரிக்கையைக் கவனியுங்கள். அப்புறம், லயத்துக்குப் பின்னால் சாலைக்கு அடியில் போகும் குழாயில் செம்பனை மட்டை அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.