காற்றுக்கு ஒரு கண்

கேள்வி: 'விண்டோ' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் காற்றைக் குறிக்கும் 'விண்ட்' இருப்பதாக என் பத்து வயது மகள் சொல்கிறாள். உண்மையா, தற்செயலா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உண்மைதான் அம்மா. குழந்தைக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். சொல்லின் பின்பாதியில் ஒரு கண்ணும் இருக்கிறது என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

வட ஐரோப்பாவின் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் 'விண்ட்ர்' என்றால் காற்று, 'அவுகா' என்றால் கண். இரண்டும் சேர்ந்தது 'விண்டவுகா', காற்றுக்கண். அவர்கள் வீடுகளில் நடுக்கூடத்தில் அடுப்பு எரியும், புகைபோக்கி கிடையாது. கூரையில் விட்ட திறப்புதான் எல்லாம். என் பாட்டி வீட்டு அடுக்களையிலும் ஓர் ஓட்டைத் தூக்கி வைத்திருப்பார்கள். புகை அதன் வழியே ஏறும். உச்சிவேளையில் வெயில் அதே வழியாக இறங்கி அம்மிக்குப் பக்கத்தில் வட்டமாக விழும். அண்ணாந்து பார்த்தால் கண் என்றுதான் சொல்லத் தோன்றும்.

793-இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடிய இந்த வைக்கிங்குகளின் இனத்தார் பிறகு அந்த நாட்டிலேயே குடியேறினார்கள். 'எக்', 'ஸ்கை' போன்ற சொற்களோடு இதுவும் ஆங்கிலத்தில் கலந்தது. அதற்கு முன் ஆங்கிலேயர்கள் சன்னலைக் 'கண்துளை' என்ற பொருள்படும் சொல்லால் அழைத்தார்கள். கண் அவர்களிடமே இருந்தது. காற்றுதான் கடல் கடந்து வந்தது. அந்தப் பழைய 'துளை', மூக்குத் துவாரத்தைக் குறிக்கும் 'நாஸ்ட்ரில்' என்ற சொல்லின் வாலில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நான் நெகிழ்ந்துபோகும் இடம் ஒன்று உண்டு. புகார் நகரத்து மாளிகைகளை வருணிக்கும் சிலப்பதிகாரம் 'மான்கண் காலதர்' என்கிறது. கால் என்பது காற்று, அதர் என்பது வழி. மானின் கண்போல் அமைந்த காற்றுவழி! காற்றும் கண்ணும் இங்கேயும் கைகோத்து நிற்கின்றன. நோர்ஸுக்கும் தமிழுக்கும் உறவு எதுவும் இல்லை. ஆனாலும் இரண்டு ஊர்க்காரர்களும் வீட்டில் ஒரு துளையைப் பார்த்து ஒன்றையே நினைத்திருக்கிறார்கள். நாமோ காலதரை மறந்துவிட்டு, போர்த்துக்கீசிய 'ஜனேலா'வை ஜன்னலாக்கிப் புழங்குகிறோம். ஜன்னல் மேல் எனக்கு வெறுப்பில்லை. காலதரும் வழக்கில் இருந்திருக்கலாமே என்ற ஏக்கம்தான்.

மகளுக்கு அடுத்ததாக 'டெய்சி' என்ற பூவின் பெயரைக் கொடுங்கள். காலையில் விரிந்து மாலையில் கூம்பும் பூ அது. அந்தப் பெயரிலும் ஒரு கண் இருக்கிறது. எதன் கண் என்று அவளே கண்டுபிடித்து எனக்கு எழுதட்டும்.