செக்ரோல் போடுகிறவர் தகவல் முறைமை படிக்கலாமா?

பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றின் ஆபீஸில் கிளாக்காக இருக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: “வெளிவாரியாக பி.கொம். முடித்து மூன்று வருஷம் ஆகிறது. செக்ரோல் (தொழிலாளர் வரவு, வேலைப் பதிவேடு), சம்பளப் பட்டியல் எல்லாம் நான்தான் கம்ப்யூட்டரில் போடுகிறேன். எக்செல் நன்றாக வரும், கோடிங் தெரியாது. தகவல் முறைமையும் வடிவமைப்பும் முதுமாணியாகப் படிக்க ஆசை. என்னை எடுப்பார்களா? இங்கே படிப்பதா, வெளிநாட்டுக்கு முயல்வதா? இப்போதைக்கு வேலையை விட முடியாது.”

எடுப்பார்கள், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. எங்கே எடுப்பார்கள் என்று பார்க்கும் முன், இது என்ன படிப்பு என்பது தெளிவாக வேண்டும். பலர் இதைக் கணினி விஞ்ஞானத்தின் இளைய தம்பி என்று நினைத்துச் சேர்ந்து, பிறகு முழிக்கிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்க டிஜிட்டல் தராசு வைத்தார்கள். மென்பொருள் வேலைக்குப் போனவர்களில் நானும் ஒருவன். பழைய தொங்கு தராசில் முள் எங்கே நிற்கிறது என்பது கணக்கப்பிள்ளைக்கும் தெரியும், கொழுந்தோடு நிற்கும் அம்மாவுக்கும் தெரியும். நாங்கள் வைத்த தராசின் திரை கணக்கப்பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் நாள் பின்னேர நிறுவையிலேயே ஒரு அக்கா கேட்டுவிட்டார்: “இது என்னாங்க, எங்க கொழுந்து எத்தன கிலோன்னு எங்களுக்கே காட்ட மாட்டேங்குது?”

அது சின்னப் பிழை. தராசைத் திருப்பி வைக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பெரிய பிழை உள்ளே இருந்தது. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தது போக மிஞ்சும் நிறையை மட்டும் ஒரே எண்ணாகச் சேமித்திருந்தோம். எவ்வளவு கழித்தோம், எதற்குக் கழித்தோம் என்று ஆள் கேட்டால் முறைமையிடம் பதில் இல்லை. அந்தக் கழிவில் ஒருவருக்கு முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) அரைப்பேராகிவிடலாம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மொத்த நிறை, கழிவு, கழிவுக்குக் காரணம், நிகர நிறை என்று அட்டவணையைப் பிரித்து, அதை நம்பியிருந்த அறிக்கைகளையும் திருத்தி முடிக்க மூன்று வாரம் பிடித்தது. எங்கள் நிரலில் கணக்குப் பிழை எதுவும் இருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

கணினி விஞ்ஞானம் நிரல் எப்படிச் சரியாக, வேகமாக ஓடும் என்று பார்க்கும். அதற்குள் போகும் எண் யார் கையிலிருந்து வருகிறது, யார் கண்ணில் படுகிறது, தப்பினால் யாருடைய சம்பளம் குறைகிறது என்பதைப் பார்ப்பது தகவல் முறைமை. நீங்கள் ஆபீஸில் தினமும் இதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அடையாள அட்டையில் ‘ராமாயி’, சேமலாப நிதியில் ‘இராமாய்’ என்று இருப்பதால் காசு எடுக்க முடியாமல் ஓய்வு பெற்றவர்கள் அலைவதைப் பார்த்திருப்பீர்கள். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி போட்ட படிவத்தில் நம் ஆட்கள் அப்பா பெயரை எங்கே எழுதுவது என்று தடுமாறுவதையும் பார்த்திருப்பீர்கள். இதெல்லாம் முதுமாணி ஆய்வுக்குத் தகுதியான விஷயங்கள்தான், கூச்சப்பட வேண்டாம்.

இதற்கு நல்ல முன்னோடிகளும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் நோர்வேயில் கிறிஸ்டன் நிகோர்ட் என்ற கணினி விஞ்ஞானி இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். தொழிற்சாலைக்கு வரும் கணினி பற்றித் தொழிலாளிக்கும் பேச இடம் வேண்டும் என்பது நோக்கம். பங்கேற்பு வடிவமைப்பு என்ற துறை வளர்ந்தது இந்த வழியில்தான். சங்கங்கள் இவ்வளவு நிறைந்த மலையகத்தில் இதை யாராவது கையில் எடுக்கலாமே என்று எனக்கு நெடுநாள் ஆசை. இன்னொன்று, 2004இல் ஹெவ்னரும் மூன்று சக ஆய்வாளர்களும் வடிவமைப்பு அறிவியல் பற்றி எழுதிய கட்டுரை. ஒரு பொருளைச் செய்து, அது உண்மையில் பிரச்சினையைத் தீர்க்கிறதா என்று சோதிப்பதையே ஆய்வாக ஏற்கலாம் என்பதற்கு இந்தத் துறையில் எல்லோரும் காட்டும் கட்டுரை அதுதான். வெறும் கேள்விக்கொத்து ஆய்வில் சலிப்பவர்களுக்கு இது நல்ல செய்தி.

சரி, கோடிங். கொஞ்சம் வேண்டும், பயப்படும் அளவுக்கு வேண்டாம். முதலில் எஸ்கியூஎல், அதாவது தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி, படியுங்கள். எக்செல் கைவந்தவருக்கு மூன்று மாத மாலை நேரம் போதும். அதைவிட முக்கியம் தரவை அட்டவணைகளாகப் பிரிக்கும் யோசனை. எட்கர் கொட் 1970இல் முன்வைத்த உறவுமுறைத் தரவுத்தளமும், பீட்டர் சென் 1976இல் கொடுத்த பொருள்-உறவு வரைபடமும் இன்றும் அடித்தளப் பாடங்கள். அப்புறம் பைதன் என்ற நிரல் மொழி, அடிப்படை மட்டும்.

இலங்கையில் படிப்பதென்றால் பாடநெறியின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் அது எந்த மட்டம் என்று கேளுங்கள். 9ஆம் மட்டம் என்றால் 30 கிரெடிட், பெரும்பாலும் பாடங்கள். 10ஆம் மட்டம் என்றால் 60 கிரெடிட், அதில் ஆய்வும் உண்டு. பதவி உயர்வுதான் குறி என்றால் 9 போதும். விரிவுரையாளர் வேலை, கலாநிதிப் பட்டம் என்று மனதில் ஒரு மூலையிலாவது இருந்தால் 10க்குப் போங்கள், பிறகு வருந்த வேண்டியிராது. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி, மொறட்டுவை, பேராதனையில் உள்ள விஞ்ஞானப் பட்டப்பின் கல்வி நிறுவனம் ஆகிய மூன்றின் அனுமதி விதிகளையும் வரிவரியாகப் படியுங்கள். ‘வேறு துறைப் பட்டமும் வேலை அனுபவமும்’ என்ற வரி இருக்கும் பாடநெறிதான் உங்களுக்கானது.

நேரக் கணக்கையும் போட்டுவிடுவோம். ஒரு கிரெடிட்டுக்கு 50 மணிநேரம் என்பது கட்டமைப்பின் கணக்கு. 30 கிரெடிட்டுக்கு 1,500 மணிநேரம். இரண்டு வருஷத்தில் முடிப்பதென்றால் வாரத்துக்குப் பதினாலு மணிநேரத்துக்கு மேல், பஸ் பயணம் சேராமல். வார இறுதி வகுப்பு கொழும்பில் என்றால் சனி விடியற்காலையில் ஹட்டனில் நிற்க வேண்டும். சம்பளம் போடும் வாரம் வேறு வரும். இதனால் நான் பேராதனையையோ இணையவழி வகுப்பையோதான் முதலில் பார்ப்பேன். வெளிநாட்டுப் பட்டம் என்று விளம்பரம் செய்யும் தனியார் நிறுவனமானால், பட்டம் தரும் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாகூடக் கட்டாதீர்கள்.

வெளிநாடு பற்றி. ஜெர்மனியின் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் தகவல் முறைமை முதுமாணி ஆங்கிலத்தில் நடக்கிறது, கல்விக் கட்டணமும் இல்லை. ஆனால் ஜெர்மானியர்கள் இளமாணியில் கணினிப் பாடங்கள் எத்தனை கிரெடிட் என்று எண்ணிப் பார்ப்பார்கள். பி.கொம்மோடு அது கடினம். விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க விடும் வங்கிக் கணக்கு) காட்ட வேண்டிய தொகையும் 2024 செப்டெம்பரில் ஆண்டுக்கு 11,904 யூரோவாக உயர்ந்தது. பிரித்தானியாவில் முதுமாணி ஒரே வருஷம், வேறு துறைக்காரர்களை எடுக்கும் பாடநெறிகளும் அங்கே அதிகம். அதற்கு பிரித்தானிய அரசின் செவ்னிங் புலமைப்பரிசில் இருக்கிறது. 2,800 மணிநேர வேலை அனுபவம் கேட்பார்கள். உங்கள் மூன்று வருஷம் முழுநேர வேலை என்றால் அது தாண்டிவிட்டது. முடித்துவிட்டு நாட்டுக்குத் திரும்பி வந்து இரண்டு வருஷம் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. வெளிநாடு போவதென்றால் வேலையை விடத்தான் வேண்டும், ஆகவே இதை இரண்டாவது சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பக் கட்டுரையில் பலரும் லயத்துக் கூரை ஒழுகிய கதையை எழுதுகிறார்கள். அது உண்மைதான், ஆனால் தேர்வுக்குழுவுக்கு அதிலிருந்து நீங்கள் என்ன படிப்பீர்கள் என்று தெரியாது. செக்ரோலில் எந்தப் பத்தி தினமும் தகராறு கிளப்புகிறது, நீங்கள் அதை எப்படி மாற்றினீர்கள் என்று இரண்டு பந்தி எழுதுங்கள்.

அந்த மாற்றத்தை இந்த மாதமே தொடங்கலாம். ஒரு பதிவேட்டை எடுத்து, வரைபடம் போட்டு, அட்டவணைகளாகப் பிரித்து, எஸ்கியூஎல்லில் செய்து பாருங்கள். ஒன்று மட்டும் கவனம். ஆட்களின் பெயர், அடையாள அட்டை எண், சம்பளம் எதையும் வீட்டு லேப்டாப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அது இல்லாவிட்டாலும் அவை உங்கள் சொத்து இல்லை. பத்தித் தலைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, கற்பனைப் பெயர்கள் ஐம்பது போட்டு நிரப்புங்கள். தோட்டத்து விவரம் எதையாவது விண்ணப்பத்தில் காட்டுவதென்றால் துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அந்தக் கடிதத்தையும் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.