சர்க்கரை வரி வந்தால் மக்கள் குளிர்பானம் வாங்குவதைக் குறைத்துக்கொள்வார்களா?

எங்கள் வீட்டைப் பொறுத்தவரை இல்லை. லண்டனில் பல வருடமாக வாராவாரம் சாமான் வாங்கப் போவது நான்தான். வரிக்குப் பயந்து ஒரு பாட்டிலைக்கூடத் திரும்ப அலமாரியில் வைத்ததில்லை. ஆனாலும் நாங்கள் குடிக்கும் சர்க்கரை குறைந்துவிட்டது.

இங்கே குளிர்பான வரி 2018 ஏப்ரலில் வந்தது. அப்போது, சர்க்கரை சேர்த்த பானத்தில் 100 மில்லிக்கு 5 கிராம் சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராம் என்றால் 24 பென்ஸ். கட்டவேண்டியது தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும். 2016 பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டதால் கம்பெனிகளுக்கு இரண்டு வருட அவகாசம். 5 கிராமுக்குக் கீழே இறங்கிவிட்டால் வரியே இல்லையே! ரைபீனா, ஃபான்டா எல்லாம் இறங்கின. ஸ்காட்லாந்துக்காரர்களின் செல்லப் பானமான ஐர்ன் புரூவும் 10 கிராம் சொச்சத்திலிருந்து பாதிக்கும் கீழே போனது. பழைய ருசிக்காகப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கியவர்கள் உண்டு. ஆனால் கோக் பழைய கலவையை விடவில்லை. விலையை ஏற்றி, 1.75 லிட்டர் பாட்டிலை ஒன்றரை லிட்டராகச் சுருக்கிக்கொண்டது.

ஆக, மாறியது என் கூடை இல்லை, பாட்டிலுக்குள் இருப்பது. விலையில் கலந்து வரும் வரியை யார் பார்க்கிறார்கள்? சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு இங்கே 20 சதவீத வாட் வரி உண்டு, கேக்குக்குக் கிடையாது. அதனால் பிஸ்கட்டை விட்டுக் கேக்குக்கு மாறியவரை நான் கண்டதில்லை.

இதில் நாங்கள் ஒருமுறை பயந்தும் போனோம். அம்மா இன்சுலின் போடுபவர். சர்க்கரை இறங்கிப் படபடப்பு வந்தால் குடிக்க ஒரு பானம் எப்போதும் ஃபிரிட்ஜில் இருக்கும். ஒரு நாள் வழக்கமான அளவு குடித்தும் கை நடுக்கம் நிற்கவில்லை. அப்புறம் கொஞ்சம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துச் சமாளித்தோம். பிறகு லேபிளைப் பார்த்தால், பெயர் அதேதான், சர்க்கரை பழையதில் பாதிகூட இல்லை. விலை மட்டும் குறையவில்லை.

இப்போது அம்மாவின் கைப்பையில் குளுக்கோஸ் மாத்திரை இருக்கிறது. கடைக்குக் கூட வந்தால், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பாட்டிலின் முதுகையும் படித்துவிட்டுத்தான் வண்டியில் போட விடுகிறார்.