காங்கிரஸ் அமைச்சராக இருந்த கக்கன் எளிமையானவர் என்பது தெரியும். அரசியலில் அவர் செய்தது என்ன?

கேள்வி நியாயமானது. எளிமையையே பேசிப் பேசி அவர் பார்த்த வேலையை மறந்துவிட்டோம்.

மேலூர் பக்கம் தும்பைப்பட்டியில் 1908-இல் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். 1939 ஜூலையில் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்ற சிறு குழுவில் கக்கனும் ஒருவர். கோயில் வாசலைத் தாண்டவே போராட வேண்டியிருந்தவர், ஏழே ஆண்டுகளில் இந்திய அரசமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர்! 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறைக்கும் போயிருந்தார்.

அப்புறம் 1952-இல் மதுரை எம்.பி., 1957-இல் காமராஜர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறை. வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டது அவர் காலத்தில்தான். பிறகு வேளாண்மை, 1963 முதல் பக்தவத்சலம் ஆட்சியில் உள்துறை.

இந்த இடத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது போலீஸ் அவர் துறையில் இருந்தது. முடிவெடுத்ததில் முதல்வரின் பங்கே பெரிது என்பது என் கருத்து. ஆனாலும் கக்கனுக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்ல முடியாது. 1967-இல் காங்கிரஸோடு அவரும் தோற்றார்.

பதவி போனபின் சொத்து என்று எதுவும் இல்லை. மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண வார்டில் கிடந்தவரை, மதுரை மேயராக இருந்த மதுரை முத்துவைப் பார்க்க வந்த முதல்வர் எம்.ஜி.ஆர். கண்டு பதறிப்போய் உதவிகளுக்கு உத்தரவிட்டார். கக்கன் 1981 டிசம்பரில் காலமானார்.