சிறுவயதில் உயிராக இருந்த நாவலை இப்போது திரும்பப் படித்தால் ஏமாற்றமாக இருக்குமா?

கொஞ்சம் இருக்கும். ஆனால் நீங்கள் பயப்படுகிற இடத்தில் இருக்காது.

எனக்கு அந்த நாவல் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. பன்னிரண்டு வயதில், பத்திரிகைப் பக்கங்களைச் சேர்த்து பைண்டு செய்த தொகுப்பில், மணியத்தின் ஓவியங்களோடு படித்தேன். கதாநாயகன் வந்தியத்தேவனும் அவன் குதிரையும் போதும் அப்போது. இளம்பெண் நந்தினியை மணந்த சோழத் தனாதிகாரி பெரிய பழுவேட்டரையர் எனக்கு ஒரு கிழட்டு மாப்பிள்ளை, அவ்வளவுதான்.

நாற்பதைத் தாண்டி மறுபடி எடுத்தால், அந்தக் கிழவர்தான் மனதை அறுக்கிறார். மார்பிலும் முகத்திலும் 64 விழுப்புண் தாங்கிய மனிதர். கொள்ளிடத்து வெள்ளத்தில் தப்பிய பிறகு, சதிகாரர் பேச்சு காதில் விழுந்து, கேடு தன் வீட்டிலிருந்தே கிளம்பியது என்று அறிகிறாரே, அந்த இடத்தைச் சின்னவனாக நான் வேகமாகப் புரட்டியிருக்கிறேன்!

ஏமாற்றம் எங்கே என்றால், அத்தியாயம்தோறும் வரும் திடுக்கிடும் முடிவுகளில். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர் இது. ஒரே மூச்சில் படித்தால் அந்த உத்தி பல்லிளிக்கும். நாளுக்கு இரண்டு அத்தியாயம் போதும்.

அப்புறம், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று தெளிவாகச் சொல்லவில்லையே என்று அன்று கோபப்பட்டேன். சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலிய சகோதரர்களைத் துரோகிகள் என்கிறது. கொலை எப்படி நடந்தது என்று சொல்வதில்லை. அந்த இடைவெளியைக் கல்கி அடைக்காமல் விட்டது இப்போது எனக்குப் பிடித்திருக்கிறது.